பிரசவம் பார்க்கப் போகிற தூரம் எவ்வளவு?

முன்பெல்லாம் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், "பொண்ணை எங்கிட்டுக் குடுத்திருக்காக?" என்ற கேள்வி காதில் விழும். "சின்னமனூரு", "கூடலூரு", ரொம்பத் தூரமென்றால் "திண்டுக்கல்லு" என்று பதில் வரும். கேட்டவளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். எத்தனை பஸ் மாற வேண்டும், கட்டுச்சோறு வேண்டுமா, பொழுது சாய்வதற்குள் திரும்பலாமா என்று மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டுவிடுவாள்.

இப்போது வருகிற பதில்களோ துபாய், மெல்போர்ன், கலிபோர்னியா! "அது எம்புட்டுத் தூரம்?" என்று கேட்டால் பெற்ற தாய்க்கே சொல்லத் தெரியவில்லை. "ப்ளேன்ல ஏறுனா ஒரு நாளாகும்" என்று முடித்துக்கொள்கிறாள்.

ஒரு நாள் என்றால் போதுமா, சகோதரிகளே? சும்மா பேச்சுக்குப் போதும். சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக்கொள்கிற தாய்க்குப் போதாது. இதை எனக்குப் புரியவைத்தவர் என் மதினிதான்.

மதினிக்கு அறுபத்து நாலு வயசு. பதினாறு வருஷமாகச் சர்க்கரை. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு இன்சுலின் ஊசி, மூன்று வேளையும் மாத்திரை. 2024 ஜனவரியில் கலிபோர்னியாவில் மகளுக்குப் பிரசவம். அப்போது பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு எங்கும் இறங்காமல் போகிற விமானம் இருந்தது. டிக்கெட் வந்த அன்றைக்கே மதினி என்னிடம் வந்துவிட்டார்.

"ஏத்தா, நீ பூகோளம் டீச்சரா இருந்தவதானே? அது எம்புட்டுத் தூரம், எத்தனை நேரம்னு கணக்குப் போட்டுச் சொல்லு. வழியில எத்தனை வேளை சோறு, எத்தனை வேளை மாத்திரை, எப்ப ஊசின்னு தெரியாம நான் எப்படிப் பொட்டி கட்டுறது?"

"போன்ல தட்டுனா ஒரு நொடியில சொல்லிரும்மா" என்றான் அவர் மகன்.

"போனு தூரத்தைச் சொல்லும். அது எப்படி வந்துச்சுன்னு சொல்லுமா? எனக்குப் புரிஞ்சாத்தாண்டா பயம் போகும்" என்றார் மதினி. நியாயமான பேச்சு! ஆகவே நாங்கள் இருவரும் சமையல்கட்டில் உட்கார்ந்து போட்ட கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

சாலைத் தூரம் வேறு, வான்தூரம் வேறு

போடியிலிருந்து மூணாறு போயிருக்கிறீர்களா? போடிமெட்டு வரை கொண்டை ஊசி வளைவாகச் சுற்றிச் சுற்றி ஏறி, தேயிலைத் தோட்டங்களின் நடுவே வளைந்து போனால் சுமார் 68 கி.மீ. வருகிறது. இரண்டு ஊருக்கும் நடுவே நேராக ஒரு கோடு போட்டால் ஏறக்குறைய 33 கி.மீ.தான். பாதிதான்! மலையைச் சுற்றுகிற வேலை விமானத்துக்கு இல்லை. அதனால் விமானத் தூரத்துக்கு ரோட்டுக் கணக்கு உதவாது. இரண்டு ஊர்களும் பூமி உருண்டையில் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் போதும்.

அதைச் சொல்வது அட்சரேகையும் தீர்க்கரேகையும். பூமத்திய ரேகைக்கு எத்தனை டிகிரி வடக்கே அல்லது தெற்கே என்பது அட்சரேகை. இங்கிலாந்தில் உள்ள கிரீன்விச்சுக்கு எத்தனை டிகிரி கிழக்கே அல்லது மேற்கே என்பது தீர்க்கரேகை. நம் தேனி சுமார் 10 டிகிரி வடக்கு, 77½ டிகிரி கிழக்கு. பிள்ளைகளின் அட்லஸில் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால் பெரிய ஊர்களுக்கெல்லாம் இந்த எண்கள் இருக்கும்.

முதல் வழி: நூலும் உருண்டையும்

வீட்டில் குழந்தைகளின் குளோப் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வயிற்றைச் சுற்றி ஒரு நூலை வைத்து அளந்து பாருங்கள். எங்கள் வீட்டு உருண்டைக்கு 80 செ.மீ. வந்தது. உண்மையான பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. ஆகவே எங்கள் உருண்டையில் ஒரு செ.மீ. என்பது 500 கி.மீ.

இனி பெங்களூரில் நூலின் ஒரு நுனியை விரலால் அழுத்திக்கொண்டு, மறு நுனியைச் சான் பிரான்சிஸ்கோவில் வைத்து விறைப்பாக இழுங்கள். நூல் தானாகவே மிகக் குறுகிய வழியில் போய் உட்காரும். மதினி இழுத்த நூல் 28 செ.மீ. இருந்தது. 28-ஐ 500-ஆல் பெருக்கினால் 14,000 கி.மீ. ஆச்சு! முதல் கணக்கு முடிந்தது.

உருண்டை இல்லையென்றாலும் பரவாயில்லை. ஒரு பந்தில் மையால் புள்ளி வைத்துப் பார்த்தாலும் வழி எப்படிப் போகிறது என்பது புரிந்துவிடும்.

இரண்டாவது வழி: ஒரு டிகிரிக்கு 111

40,000 கி.மீ. சுற்றளவை 360 டிகிரியால் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. வருகிறது. இந்த ஓர் எண்ணை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். விமானிகள் கிலோமீட்டர் சொல்லாமல் கடல் மைல் என்று சொல்வார்கள். ஒரு டிகிரியை அறுபதாகப் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு கடல் மைல். நம் கணக்கில் 1.852 கி.மீ.

இந்த ஒரு டிகிரியின் நீளத்தை அளந்த கதையில் நம் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னை பரங்கிமலை அருகே சங்கிலி பிடித்துச் சுமார் 12 கி.மீ. நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளந்தார். இன்றைக்கு மீனம்பாக்கத்தில் விமானம் ஏறி இறங்குகிற இடத்துக்குப் பக்கம்தான் அது! அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தென்னாடு முழுவதும் அளந்துகொண்டு போனார்கள். உயரம் வேண்டுமே, அதற்குக் கோயில் கோபுரங்களையும் பயன்படுத்தினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள அளவைக் கருவி மோதி நசுங்கிவிட்டது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தானே அதைச் சரிசெய்தார். இன்றைக்கு விமானம் பறக்கிற கணக்குக்காக அன்றைக்குக் கோயில் விமானமே அடி வாங்கியிருக்கிறது!

பக்கத்து ஊர்களுக்குப் பள்ளிக்கூடக் கணக்கு

தேனி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. நமக்குக் கிட்டத்தில் உள்ளது மதுரைதான். அதன் இடம் 9.8 டிகிரி வடக்கு, 78.1 டிகிரி கிழக்கு. சென்னை 13.0 வடக்கு, 80.2 கிழக்கு. கொழும்பு விமான நிலையம் 7.2 வடக்கு, 79.9 கிழக்கு.

மதுரைக்கும் சென்னைக்கும் வடக்கு தெற்கு வித்தியாசம் 3.2 டிகிரி. 111-ஆல் பெருக்கினால் 355 கி.மீ. கிழக்கு மேற்கு வித்தியாசம் 2.1 டிகிரி, அதாவது 233 கி.மீ. இவை ஒரு செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள். எட்டாம் வகுப்பில் படித்த பிதாகரஸ் ஞாபகம் இருக்கிறதா? இரண்டையும் தனித்தனியே வர்க்கம் செய்து, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 425 கி.மீ. வரும். துல்லியமாகப் பார்த்தால் 420-ஐ ஒட்டி இருக்கும்.

கொழும்புக்கு? வித்தியாசம் 2.6, 1.8. அதேபோல் போட்டால் சுமார் 350 கி.மீ.தான்! அதாவது மதுரைக்குச் சென்னையைவிடக் கொழும்பு கிட்டம். 2012-ல் மதுரையிலிருந்து முதன்முதலாக வெளிநாட்டுக்குக் கிளம்பிய விமானம் கொழும்புக்குப் போனதில் ஆச்சரியம் உண்டா?

இன்னொன்று. "சிங்கப்பூர் தூரமா, துபாய் தூரமா?" என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். மதுரையிலிருந்து துபாய் சுமார் 2,950 கி.மீ., சிங்கப்பூர் சுமார் 3,000 கி.மீ. இரண்டு மகன்களை இரண்டு பக்கமும் அனுப்பிய தாய்க்கு, இருவரும் ஏறக்குறைய ஒரே தூரத்தில்தான் இருக்கிறார்கள்!

ஒரு எச்சரிக்கை. கிழக்கு மேற்கு டிகிரிக்கு 111 என்பது பூமத்திய ரேகைப் பக்கம் மட்டும் பொருந்தும். வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்கி, துருவத்தில் ஒரே புள்ளியில் கூடிவிடும். உரித்த சாத்துக்குடியின் சுளைகளைப் பாருங்கள். நடுவில் அகலம், காம்பில் ஒன்றுமில்லை. அதனால் இந்தப் பிதாகரஸ் கணக்கு நம் அண்டை ஊர்களுக்குச் சரி, அமெரிக்காவுக்கு ஆகாது.

தூர தேசத்துக்கு வடக்கே ஏன் போகிறது?

நூலை இழுத்துப் பார்த்தபோது மதினி திகைத்துப் போனார். "என்னத்தா, அமெரிக்கா மேக்கால இருக்குன்னு சொல்லுவாக. நூலு வடக்கே உச்சிக்கு ஏறுதே!"

ஆமாம், அதுதான் உருண்டையின் விளையாட்டு. பெங்களூர் 13.2 வடக்கு, 77.7 கிழக்கு. சான் பிரான்சிஸ்கோ 37.6 வடக்கு, 122.4 மேற்கு. தீர்க்கரேகை இரண்டையும் கூட்டினால் 200 டிகிரி. எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் 160. அதாவது இரண்டும் உலகத்தின் கிட்டத்தட்ட நேரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. ஒரு பூசணிக்காயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓர் எறும்பு போகவேண்டுமென்றால், வயிற்றைச் சுற்றிப் போவதைவிடக் காம்பின் பக்கமாக ஏறி இறங்குவது குறுக்குவழி அல்லவா?

வடதுருவம் 90 டிகிரி. பெங்களூரிலிருந்து துருவத்துக்கு 90-ல் 13.2 போக 76.8 டிகிரி. துருவத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 90-ல் 37.6 போக 52.4 டிகிரி. மொத்தம் 129.2. அதை 111-ஆல் பெருக்கினால் சுமார் 14,340 கி.மீ. துருவத்தைத் தொடாமல் கொஞ்சம் ஒதுங்கிப் போனால் இன்னும் குறையும். ப்ளஸ் டூ படிக்கிற மகள் வீட்டில் இருந்தால், கோள முக்கோணக் கணக்கில் சைன், கொசைன் வைத்துப் போடச் சொல்லுங்கள். 125.8 டிகிரி வரும். 13,990 கி.மீ. மதினியின் நூல் சொன்னதும் அதுதானே!

தட்டையான உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இரண்டு ஊர்களையும் இணைத்தால், அந்தக் கோட்டின் வழி 16,000 கி.மீ.க்கு மேல் போகும். 2,000 கி.மீ. கூடுதல். அவ்வளவு தூரத்துக்கும் எரிபொருள், இரண்டரை மணி நேரம், பயணிகளின் கால்வலி எல்லாம் வீண்.

இந்த வழியில் பறந்து காட்டியவர்கள் நம் இந்தியப் பெண்களே. 2021 ஜனவரி 9-ம் தேதி இரவு சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பிய ஏர் இந்தியா விமானத்தை கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பாபகாரி தன்மயி, ஆகாங்க்ஷா சோனவனே, ஷிவானி மன்ஹாஸ் என்ற நான்கு பெண் விமானிகள் ஓட்டினார்கள். வடதுருவத்தின் மேலாகப் பறந்து, சுமார் பதினேழு மணி நேரத்தில், 11-ம் தேதி விடியற்காலையில் பெங்களூரில் இறங்கினார்கள். அடேயப்பா! இதைச் சொன்னதும் மதினி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பொம்பளைக ஓட்டிக்கிட்டு வந்த வழியா? அப்ப நான் உக்காந்துக்கிட்டுப் போக என்ன பயம்?" என்றார்.

கணக்குத் தூரமும் பறந்த தூரமும்

கணக்கில் வந்த தூரம்தான் விமானம் பறக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அதற்குக் குறையாது, கூடலாம். புயலுக்கு ஒதுங்க வேண்டும். அவசரத்துக்கு இறங்க நிலையம் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். சில நாடுகள் தங்கள் வானத்தை மூடிவிடுவதும் உண்டு. 2019 பிப்ரவரி முதல் ஜூலை வரை பாகிஸ்தான் வான்வழி மூடியிருந்தபோதும், 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு அது மறுபடி மூடப்பட்டபோதும், வட இந்தியாவிலிருந்து மேற்கே போகிற விமானங்கள் சுற்றிக்கொண்டு போயின.

காற்றும் சேர்ந்துகொள்ளும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு வேகக்காற்று அடிக்கிறது. நியூயார்க்கிலிருந்து லண்டன் வருவதைவிட, லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதலாக ஆவது இதனால்தான். தூரம் ஒன்றுதான், நேரம் வேறு. ஆகவே வீட்டுக் கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தை 900-ஆல் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேருங்கள். 14,000-க்குப் பதினாறு மணி நேரம். காற்றுக்கும் சுற்றுக்கும் ஒரு மணி முன்பின்.

தூரம் மருந்தாகிறது!

இப்போது மதினியின் உண்மையான கேள்விக்கு வருவோம். பூமி 24 மணியில் 360 டிகிரி சுற்றுகிறது. ஒரு மணிக்கு 15 டிகிரி. ஆக, தூரம் பார்க்க எடுத்த அதே தீர்க்கரேகை எண்களே கடிகார வித்தியாசத்தையும் சொல்லிவிடும். 200-ஐ 15-ஆல் வகுத்தால் பதிமூன்று மணி இருபது நிமிஷம். நடைமுறையில் குளிர்காலத்தில் கலிபோர்னியா நமக்குப் பதிமூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே கோடைக்காலக் கடிகாரம் மாற்றும் மாதங்களில் பன்னிரண்டரை.

காகிதத்தில் எழுதினோம். சின்னமனூரிலிருந்து பெங்களூருக்குக் கார் ஒன்பது மணி நேரம். விமான நிலையத்தில் மூன்று. பறப்பது பதினாறு. இறங்கி, பெட்டி எடுத்து, மகள் வீடு சேர இரண்டு. மொத்தம் முப்பது மணி! டிக்கெட்டைப் பார்த்தாலோ, கிளம்பின தேதியிலேயே சாயங்காலம் இறங்குவதாகப் போட்டிருக்கும்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. இந்தியாவில் ராத்திரி ஒன்பதுக்கு ஊசி போட்டவர், அங்கே போய் அந்த ஊர்க் கடிகாரத்தில் ஒன்பதுக்கு அடுத்ததைப் போட்டால், நடுவே முப்பத்தேழரை மணி நேரம் ஓடியிருக்கும். சர்க்கரை எகிறிவிடும். திரும்பி வரும்போது நேர்மாறு. அந்த ஊர்க் கடிகாரத்தில் ஒன்பதுக்குப் போட்டு, அடுத்து இந்தியக் கடிகாரத்தில் வருகிற முதல் ஒன்பதுக்குப் போட்டால் இடைவெளி பத்தரை மணிதான். இரண்டு ஊசிகள் நெருங்கி விழுந்து சர்க்கரை ஆபத்தாகத் தாழலாம்.

அந்தக் காகிதத்தோடு மதினி தம் டாக்டரிடம் போனார். டாக்டர் அதைப் பார்த்து, போகும்போதும் வரும்போதும் எந்த மணிக்கு எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தார். நீங்களும் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம். ஆளுக்கு ஆள், மருந்துக்கு மருந்து அது மாறும். நம் வேலை, சரியான மணிக்கணக்கை டாக்டர் கையில் கொடுப்பது.

வேறு சில விஷயங்கள்:

• இன்சுலின், மாத்திரை, மருந்துச் சீட்டு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டியில் போட்டால் உறைந்துபோகலாம், பெட்டியே வேறு ஊருக்கும் போகலாம். நாள் கணக்குக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

• படபடப்பு, வியர்வை, கைநடுக்கம் வந்தால் உடனே வாயில் போட குளுக்கோஸோ சர்க்கரையோ கைக்கெட்ட வேண்டும். விமானத்தில் சாப்பாடு அவர்கள் நேரத்துக்குத்தான் வரும்.

• ஒரு கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே விட்டுவையுங்கள். மருந்துக்கு அது, மற்றதற்கு ஊர்க் கடிகாரம்.

• நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-ல் சொன்னது. பயப்பட வேண்டாம், அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான். ஆனாலும் நடைபாதையோரம் இடம் கேட்டு வாங்கி, அவ்வப்போது எழுந்து நடங்கள். உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றுங்கள், தண்ணீர் குடியுங்கள். இறங்கிய பின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ தாமதமில்லாமல் டாக்டரிடம் போங்கள்.

மதினி அந்தச் சீட்டை ரவிக்கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். சர்க்கரை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பத்தாம் நாள் பேத்தி பிறந்தாள். "பிள்ளைக்கு மருந்து அரைச்சுக் குடுக்கத் தெம்போட வந்து சேந்தேன், அதுபோதும்" என்று போனில் சொன்னார்.

நம் பிள்ளைகள் போயிருக்கிற ஊர் வெறும் பெயராக இருக்கும்வரை மலைப்பாகத்தான் இருக்கும். டிகிரியாகி, கிலோமீட்டராகி, மணியாகி, மாத்திரை எண்ணிக்கையாகிவிட்டால் அது நம் கைக்குள் அடங்கிவிடுகிறது. உங்கள் மகன், மகள் இருக்கும் ஊர் எதுவோ, இன்றைக்கே அதன் எண்களை அட்லஸில் தேடுங்கள். தையல் பெட்டியில் நூல்கண்டு இருக்கிறதல்லவா? அதை எடுங்கள்!